தாழ்மை, ஊழியம், தலைமை: எங்கள் வேதபாடக் கூட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமத்துச் சபையில், லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) புதன்கிழமை சாயங்காலம் வேதபாடம் நடத்துகிறேன். அதற்கு முன் ஆறு வருஷம் அதே சபையில் பொருளாளராக இருந்தேன். தாழ்மை பற்றிப் பேச்செடுத்தால் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். வசனங்கள் நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பை ஒட்டியவை.

தாழ்மை என்றால் "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று நினைத்துக்கொள்வதா?

இல்லை. யோவான் 13-ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். சீஷர்களின் காலைக் கழுவ இயேசு எழுந்திருப்பதற்கு ஒரு வசனம் முன்னால் யோவான் ஒன்றைச் சொல்லிவிடுகிறார். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்பதும், தாம் தேவனிடத்திலிருந்து வந்து தேவனிடத்திற்கே போகிறார் என்பதும் இயேசுவுக்குத் தெரியும். அது தெரிந்துதான் எழுந்து, வஸ்திரங்களைக் கழற்றிவைத்து, சீலையை அரையிலே கட்டிக்கொள்கிறார். தாம் யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அதனால் குனிய முடிந்தது. தன் மதிப்பைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறவருக்குக் குனிவது பெரிய கஷ்டம். யார் பார்க்கிறார்களோ என்ற நினைப்பு விடாது.

தன்னைத் தாழ்த்திப் பேசுவது வேறு. "தூசியிலும் தூசியான அடியேன்" என்று உருக்கமாக ஜெபிக்கிற ஒருவர், பண்டிகை நோட்டீஸில் தன் பெயர் விட்டுப்போனதற்காக மூன்று வாரம் ஆலயத்துக்கு வராமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவரைக் குறை சொல்லவில்லை. அந்தக் காயம் எப்படி வலிக்கும் என்று எனக்கும் தெரியும்.

பிலிப்பியர் நிருபத்தில் "தம்மைத்தாமே வெறுமையாக்கி" என்று இருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்?

நிறைகுடம் தளும்பாது என்று நாம் சொல்வோம். பெரியவர்கள் அலட்டிக்கொள்ள மாட்டார்கள் என்ற பொருளில் அது நல்ல பழமொழிதான். ஆனால் அந்தக் குடத்தில் ஒரு சொட்டும் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த நிருபத்தை எழுதிய பவுல் 2-ஆம் அதிகாரத்தில் சொல்கிற கிறிஸ்து, தளும்பாமல் நிற்கிற குடம் அல்ல, தன்னைக் கவிழ்த்துக்கொண்ட குடம். தேவனுடைய ரூபமாயிருந்தவர் அடிமையின் ரூபமெடுத்தார், சிலுவையின் மரணபரியந்தம் கீழ்ப்படிந்தார்.

நான் வேதபாடத்தில் வற்புறுத்துவது இதைத்தான். கையில் இருக்கிற ஏதோ ஒன்று கையை விட்டுப் போக வேண்டும். நாற்காலியோ, சாவியோ, கடைசி வார்த்தை சொல்லும் உரிமையோ, அவரவருக்கு ஒன்று இருக்கும். எதுவும் குறையாமல் தாழ்மையாக இருக்கிறேன் என்று சொன்னால் அது பணிவான பேச்சு, அவ்வளவுதான்.

"பணிவிடைத் தலைமை" என்று இப்போது கம்பெனிப் பயிற்சிகளில்கூடச் சொல்கிறார்களே, அது பைபிளில் இருந்து வந்ததா?

அந்தப் பெயரைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் கிரீன்லீஃப். 1970-ல் எழுதினார். கருத்து அதைவிட ரொம்பப் பழையது. மாற்கு 10-ல் செபெதேயுவின் மகன்கள் யாக்கோபும் யோவானும் வந்து, உமது மகிமையிலே ஒருவன் வலதுபாரிசத்திலும் ஒருவன் இடதுபாரிசத்திலும் உட்கார வேண்டும் என்று கேட்கிறார்கள். மற்றப் பத்துப் பேருக்கும் கோபம் வருகிறது. (அந்தப் பத்துப் பேரும் அதே இடத்தை மனதில் வைத்திருந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.) புறஜாதியாரின் அதிகாரிகள் இறுமாப்பாய் ஆளுகிறார்கள், "உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது" என்கிறார் இயேசு. பெரியவனாயிருக்க விரும்புகிறவன் பணிவிடைக்காரனாக இருக்கட்டும், முதன்மையானவனாயிருக்க விரும்புகிறவன் எல்லாருக்கும் ஊழியக்காரனாக இருக்கட்டும்.

கிரேக்கத்தில் அங்கே இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று தியாகோனோஸ், பந்தியில் பரிமாறுகிறவனுக்கும் வழங்கிய சொல். இன்னொன்று தூலோஸ், அதாவது அடிமை. இரண்டுமே அந்தக் காலத்தில் யாரும் ஆசைப்படாத நிலை.

அப்படியானால் "ஊழியக்காரர்" என்று நாம் சொல்வதும் அதே பொருளில்தானே?

சொல் அதுதான். ஆனால் சுவரொட்டிகளைப் பாருங்கள். ஊழியக்காரர் படம் ஆளுயரத்துக்கு இருக்கிறது, ஊர்ப் பெயர் மூலையில் இருக்கிறது. அடிமைக்கு இருந்த சொல் நம்மிடம் பட்டமாகிவிட்டது. 6-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாப்பரசரான பெரிய கிரகோரி, தேவ ஊழியர்களின் ஊழியன் என்று தன்னைக் குறிப்பிட்டுக்கொண்டார். அவருக்குப் பின் வந்தவர்களில் அப்படி வாழ்ந்தவர்களும் உண்டு, அதைப் பட்டமாகவே சுமந்தவர்களும் உண்டு. சொல் நம்மைக் காப்பாற்றாது.

ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவர்களிடம் போய்த் தாழ்மையைப் போதிப்பது நியாயமா?

இதைக் கேட்டது கல்லூரியில் படிக்கிற ஒரு பெண். எங்கள் சபைக் குடும்பங்களில் பாதிக்கு மேல் காலனியைச் சேர்ந்தவை. "எங்க தாத்தா ஊர்த்தெருவுல செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடந்தவரு. டீக்கடையில அவருக்குத் தனி கிளாஸ். அவருக்கு இன்னும் என்ன தாழ்மை வேணும், அங்கிள்?" என்று கேட்டாள். அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போய் மாற்கு 10-ஐ மறுபடி வாசித்தேன். முன்பு வாசித்தபோதெல்லாம் 45-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுவேன். அன்றைக்கு நிறுத்தாமல் போனேன்.

அடுத்த வசனத்திலேயே பர்திமேயு வருகிறான். குருடன், எரிகோ வழியருகே உட்கார்ந்து பிச்சை கேட்கிறவன். சத்தம் போட்டுக் கூப்பிடுகிறான். பேசாதிரு என்று அநேகர் அதட்டுகிறார்கள். அவன் அடங்கவில்லை, முன்னிலும் அதிகமாகக் கூப்பிடுகிறான். இயேசு நிற்கிறார். உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். இதே கேள்வியைத்தான் சற்று முன்னால் யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்டார். அவர்கள் உட்கார இடம் கேட்டார்கள். இவனோ பார்வை கேட்டான். அதுவும் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்து வந்து கேட்டான். சிம்மாசனம் கேட்டவர்களிடம் பணிவிடைக்காரனாக இரு என்றவர், பிச்சைக்காரனிடம் அப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நீ போகலாம், உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது என்றார்.

அடுத்த புதன்கிழமை அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். உன் தாத்தாவுக்கு நடந்தது தாழ்மை அல்ல, அவமானம். தாழ்மை ஒருவர் தானாக இறங்குவது. மற்றவர் கழுத்தைப் பிடித்து அமுக்கினால் அதற்கு வேறு பெயர். மரியாளின் பாட்டிலும் இந்த வரிசை தெளிவாக இருக்கிறது: பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார். பூமியிலுள்ள எல்லாரிலும் சாந்தகுணமுள்ளவன் என்று எண்ணாகமம் சொல்கிற மோசேதான் பார்வோன் முன்னால் நின்று என் ஜனங்களைப் போகவிடு என்றான். உரிமை கேட்டு மனு கொடுக்கப் போகிற ஒருவரைத் தாழ்மை இல்லாதவர் என்று சபையில் யாராவது சொன்னால், அவர்களுக்குப் பர்திமேயுவை வாசித்துக் காட்டுங்கள். அதட்டின கூட்டத்தில் தாங்கள் நிற்பது அப்போது தெரியும்.

எங்கள் வீட்டில் அம்மா எப்போதும் கடைசியில்தான் சாப்பிடுகிறார். அதுவும் தாழ்மைதானே?

அம்மாவின் அன்பைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை அப்பாவிடமும் அண்ணனிடமும் கேளுங்கள். குழம்பு சட்டியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்காமலே மூன்றாம் முறை ஊற்றிக்கொள்கிறவருக்குத்தான் இந்தப் பாடம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை முதலில் உட்கார வைத்து நீங்கள் பரிமாறுங்கள். இரண்டு வாரம் மறுப்பார்.

பெரிய வியாழன் அன்று பாதம் கழுவுவது வெறும் சடங்காகிவிட்டதே?

ஆகிவிட்டது என்பது உண்மைதான். பன்னிரண்டு பேரை முன்பே தேர்ந்தெடுத்துவிடுகிறோம். அவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். ஒரு வருஷம் என் பக்கத்தில் உட்கார வேண்டியவர் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர். ஷிப்ட் முடிந்து நேராக வந்துவிட்டார். சுண்ணாம்பு பட்டுப் பட்டுக் குதிகால் முழுக்க வெடிப்பு, நகக்கண் வெளுத்திருந்தது, வாடையும் இருந்தது. அவர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து இழுத்து மறைத்தார். ஆயர் முழங்காலில் உட்கார்ந்து அந்தக் காலை எடுத்து மடியில் வைத்தார். எங்களுக்கெல்லாம் ஒரு செம்புத் தண்ணீர்தான். அவருக்கு இரண்டு, மூன்று என்று ஊற்றி, வெடிப்புகளுக்கு நடுவில் விரலால் துடைத்தார். துண்டு போதாமல் தன் அங்கியின் ஓரத்தாலேயே ஈரத்தை ஒற்றினார். அடுத்தது என் முறை. சுத்தமாக இருந்த என் காலை நீட்ட எனக்கு வெட்கமாக இருந்தது.

சடங்கைத் திருத்த வழி உண்டு. 2013-ல் பாப்பரசர் பிரான்சிஸ், ரோமில் ஒரு சிறார் சிறைக்குப் போய், பெண்களும் முஸ்லிம்களும் அடக்கமாகப் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவினார். அதுவரை அந்தச் சடங்குக்கு ஆண்களைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2016-ல் விதியையும் மாற்றினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கால் கழுவுவது வைத்தியமாகவும் இருந்திருக்கிறது. காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் 1955-ல் தொழுநோய் ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் ஒரு மையம் தொடங்கப்பட்டது. தொழுநோய் நரம்பைத் தாக்கினால் பாதத்தில் உணர்ச்சி போய்விடும். ஆணி ஏறினாலும் தெரியாது, அதன்மேலேயே நடப்பார்கள், புண் ஆழமாகும். வியர்வை சுரக்காததால் தோல் வறண்டு வெடிக்கும். அதற்குத் தினசரி கவனிப்பு என்னவென்றால், காலைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து எடுத்து, ஈரம் இருக்கும்போதே எண்ணெய் தடவி, பாதத்தைத் திருப்பித் திருப்பிப் புதுக் காயம் இருக்கிறதா என்று பார்ப்பது. 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் படுகிற காயங்களால்தான் கெடுகின்றன என்று எடுத்துக்காட்டினார். மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாணை மாற்றி வைத்து அறுவைச் சிகிச்சை செய்தார். ஊரே தொடப் பயந்த பாதங்களை ஒருவர் தினமும் கையில் எடுத்து உற்றுப் பார்த்தார் என்றால், யோவான் 13-ல் இருக்கிற வேலை அதுதான்.

எனக்கு உதவி செய்யத்தான் பிடிக்கும். மற்றவர்கள் எனக்குச் செய்தால் சங்கடமாக இருக்கிறது. இது தாழ்மையா?

பேதுருவும் இப்படித்தான் சொன்னார். நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது என்றார். கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்று பதில் வந்தது. எப்போதும் கொடுக்கிறவராகவே இருக்க வேண்டும் என்பதும் ஒரு வகை மேட்டிமைதான்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். நாற்காலியில் ஏறவும் இறங்கவும் மற்றவர்கள் கை வேண்டும். அந்தச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, அதற்கென்று இங்கே ஒரு துறையையே நடத்தினார். வாங்கிக்கொள்ளவும் தெரிந்திருந்தது, கொடுக்கவும் தெரிந்திருந்தது.

நல்ல மனசு இருந்தால் போதாதா? ஊழியத்துக்குப் படிப்பும் திறமையும் எதற்கு?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை இந்தக் கேள்வியோடு சேர்த்து யாரும் சொல்வதில்லை. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கிற தங்கள் மனைவியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். அப்பா டாக்டர். ஆனால் ஆண் டாக்டர் பார்க்கக்கூடாது என்றார்கள். ஐடாவுக்கு மனசு இருந்தது, வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அவர் அழுதுவிட்டு அதோடு விடவில்லை. அமெரிக்கா போய் கார்னெலில் மருத்துவம் படித்து, 1899-ல் முடித்து, 1900-ல் வேலூருக்கு வந்து ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். பெண்ணுக்குப் பெண் டாக்டர் வேண்டும், அது தன் ஒருத்தியால் ஆகாது என்று தெரிந்து 1909-ல் செவிலியர் பயிற்சியும், 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் ஆரம்பித்தார். என்னைப் பொறுத்தவரை அவருடைய தாழ்மைக்கு அடையாளம் அந்தப் பள்ளிக்கூடம்தான். தனக்கு மட்டும் தெரிந்த வித்தையைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளவில்லை. இயேசு ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்யவே வந்தார் என்ற வசனத்தை அந்தக் கல்லூரி தன் இலட்சிய வாக்காக வைத்திருக்கிறது.

தாழ்மையுள்ள தலைவர் யாரையும் கண்டிக்கக்கூடாதா?

கண்டிக்கலாம், கண்டிக்கவும் வேண்டும். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகியபோது, முகமுகமாய் எதிர்த்தேன் என்று பவுல் கலாத்தியர் 2-ல் எழுதுகிறார். இது சமபந்தி விஷயம், நம் ஊருக்கும் ரொம்பப் பொருந்தும். பேதுருவின் பெயரில் உள்ள இரண்டாம் நிருபத்தில், "நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுல்" என்று வருகிறது. எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினவர் பெயரில் அந்த வார்த்தை இருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆயர் காலில் விழலாமா?

கொர்நேலியு பேதுருவின் காலில் விழுந்தான். எழுந்திரும், நானும் ஒரு மனுஷன்தான் என்று சொல்லித் தூக்கிவிட்டார். விழுகிறவரைவிட, தூக்கிவிடாமல் நிற்கிறவருக்குத்தான் அந்த வசனம்.

முக்கியஸ்தர்களுக்கு முன்வரிசையில் நல்ல நாற்காலி போடுவது மரியாதைதானே?

யாக்கோபு 2-ஆம் அதிகாரம் இதைப் பற்றியேதான் பேசுகிறது. பொன் மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் போட்டவரை நல்ல இடத்தில் உட்காரச் சொல்லி, கந்தையான வஸ்திரம் உடுத்தவரை அங்கே நில் அல்லது என் பாதபடியில் உட்கார் என்று சொன்னால், நீங்கள் தகாத சிந்தனையோடு நிதானிக்கிறவர்கள் ஆவீர்கள் என்கிறது. எங்கள் ஆலயத்தில் கை வைத்த நாற்காலி எட்டு இருக்கிறது. இப்போது முழங்கால் வலி உள்ளவர்களுக்கு என்று வைத்திருக்கிறோம். அதில் பெரும்பாலும் பாட்டிகள்தான் உட்காருகிறார்கள்.

கமிட்டித் தேர்தலில் நிற்பது பதவி ஆசையா?

"கண்காணிப்பை விரும்புகிறவன் நல்லவேலையை விரும்புகிறான்" என்கிறது 1 தீமோத்தேயு 3. வேலை என்றுதான் இருக்கிறது. வேலையை விரும்பி நில்லுங்கள். பணம் கொடுத்து ஓட்டு வாங்குவதும், சொந்தக்காரர்களை மொத்தமாக அழைத்து வருவதும், தோற்றால் கோர்ட்டுக்குப் போவதும் வேறு வகை. யோவானின் மூன்றாம் நிருபத்தில் தியோத்திரேப்பு என்று ஒருவன் வருகிறான். அவனைப் பற்றி யோவான் முதலில் சொல்வது, முதன்மையாயிருக்க விரும்புகிறவன் என்பதுதான்.

பதவிக்கு வந்த பிறகு செய்ய வேண்டிய முதல் காரியம் கணக்கைத் திறந்து வைப்பது. எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைப் பவுல் தனியாக எடுத்துப் போகவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்று 2 கொரிந்தியர் 8-ல் காரணமும் சொல்கிறார். "என்னைச் சந்தேகப்படுகிறீர்களா?" என்று பொருளாளர் கோபப்பட்டால் அவர் இந்த அதிகாரத்தை வாசிக்கவில்லை என்று அர்த்தம். நான் முதல் வருஷம் அப்படிக் கோபப்பட்டிருக்கிறேன். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தாரின் பணம் ரசீதில் ஏறவில்லை என்று ஒரு பெரியவர் கேட்டார். ஏறவில்லைதான். நான் மறந்திருந்தேன். கேட்டவர் மேல் கத்தினேன். மறு வாரம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன், அதிலிருந்து மாதக் கணக்கை ஆலயக் கதவில் ஒட்ட ஆரம்பித்தோம்.

பதவி முடிந்த பிறகு எப்படி நடந்துகொள்வது?

யோவான்ஸ்நானன் இயேசுவைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கும்: அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும். வாசிக்கச் சுலபமாக இருக்கிறது. எனக்குப் பின் பொருளாளராக வந்தவர் ஓர் ஆசிரியை, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். பாஸ்புக், ரசீதுப் புத்தகம், பீரோ சாவி எல்லாவற்றையும் அன்றைக்கே ஒப்படைத்தேன். பீரோவுக்கு இன்னொரு சாவி என்னிடம் இருந்தது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இரண்டு மாதம் வைத்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் அவர் மேசைக்குப் போய், இதை எங்கே எழுதினாய், அதற்கு வவுச்சர் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. "சரிங்க அண்ணா" என்பார்.

வேதபாடத்தில் பிலிப்பியர் 2 வந்த வாரம், முடிந்ததும் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டாவது சாவி இருப்பது தனக்கு முன்பே தெரியும் என்றார். இப்போது கணக்குப் பார்க்க அவர் கூப்பிட்டால் போகிறேன். கூப்பிடாத மாதங்களில், கதவில் ஒட்டியிருப்பதை மற்றவர்களோடு நின்று படிக்கிறேன்.